அருமைநாதனின் கல்லறை

றோசாவுக்குக் கோபம் வந்தால் சத்தம் வராது. மொன்றியல் டவுன்டவுனில் அவள் பதினெட்டு வருடமாக வேலை செய்த உணவகத்தின் சமையலறையில் எல்லோருக்கும் இது தெரியும். மற்றவர்கள் கோபம் வந்தால் சட்டியை எறிவார்கள், கதவை உதைப்பார்கள். றோசா கரட் வெட்டுவாள். வெட்ட வெட்டத் துண்டு மெலிந்துகொண்டே போகும். கடைசியில் அது தாளைப் போலச் சுருண்டு பலகையில் விழத் தொடங்கியதும், இன்றைக்கு றோசா மதாமுக்குப் பக்கத்தில் ஒருவரும் போகவேண்டாம் என்று தலைமைச் சமையற்காரர் மற்றவர்களுக்குக் கண்ணைக் காட்டுவார்.

அவள் பிரெஞ்சு படித்ததும் அந்தச் சமையலறையில்தான். கியூபெக்காரர்கள் திட்டுவதற்குக் கோயில் சாமான்களின் பெயர்களைத்தான் எடுப்பார்கள். எண்ணெய் தெறித்தாலும் தட்டு உடைந்தாலும் ‘தபர்னக்’. அதன் அர்த்தம் நற்கருணைப் பேழை என்று வேலைக்குச் சேர்ந்த முதல் கிழமையிலேயே யாரோ விளக்கினார்கள். மன்னார் பேசாலையில் பிறந்து, அந்தப் பேழைக்கு முன்னால் முழந்தாளிட்டு வளர்ந்த றோசா கையில் இருந்த கத்தியை வைத்துவிட்டுச் சிலுவை அடையாளம் போட்டாள். அதற்குப் பிறகு அந்தச் சொல் நாளுக்கு நூறு தரம் அவள் காதில் விழுந்தது. வாயில் மட்டும் வந்ததில்லை. 2007ஆம் ஆண்டு செப்ரெம்பர் வரைக்கும்.

அந்தச் செப்ரெம்பரில் அவளுக்கு ஐம்பத்தேழு வயது. அவளுடைய கோபத்துக்கு இருபத்துமூன்று.

கோபம் ஒரே ஒரு மனிதர் மேல்தான். அவர் பெயர் பிரான்சிஸ் அருமைநாதன். மொன்றியலில் தமிழ்க் கத்தோலிக்கப் பங்கின் யாத்திரைக் குழுத் தலைவர். ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் முதல் வாங்கில் இருப்பவர். யார் வீட்டில் சாவு என்றாலும் முதலில் போய்க் கதிரை அடுக்குகிறவர். அவரைப் பற்றி யாரும் ஒரு குறை சொல்லமாட்டார்கள். றோசாவும் சொன்னதில்லை. அவர் எதிரே வந்தால் “சுகமா, தம்பி?” என்று கேட்டுவிட்டு நடந்துவிடுவாள். வீட்டுக்கு வந்து கரட் வெட்டுவாள்.

விசயம் இதுதான். 1984இல் அருமைநாதனிடம் ஒரு கப்பல் புத்தகம் இருந்தது. மாலுமி வேலைக்குப் போவதற்கான பத்திரத்தை ஊரில் அப்படித்தான் சொல்வார்கள். போகிற நாள் நெருங்க நெருங்க அருமைநாதனுக்குக் கடலை நினைத்துப் பயம் பிடித்துவிட்டது. இன்னும் கொஞ்சநாள் பொறுத்தால் கனடாவுக்கே நேரே போகலாம் என்று யாரோ சொன்னதும், புத்தகத்தைப் பக்கத்து ஒழுங்கையில் இருந்த றோசாவின் தம்பி றெக்ஸிடம் கொடுத்தார். படத்தைக் கிழித்து மற்றப் படத்தை ஒட்டினார்கள். அந்த நாட்களில் அது ஒரு பெரிய காரியமாக யாருக்கும் தோன்றவில்லை. பாதி ஊர் மற்றப் பாதியின் பெயரில்தான் கடல் கடந்தது. இருபத்திரண்டு வயது றெக்ஸ் பிரான்சிஸ் அருமைநாதனாக ஒரு கிரேக்கச் சரக்குக் கப்பலில் ஏறினான்.

ஆறாம் மாதம் அந்தக் கப்பல் பிரான்சின் மார்செய் துறைமுகத்தில் இரண்டு நாள் நின்றது. இரண்டாம் நாள் காலை றெக்ஸ் சரக்குக் கிடங்குக்குள் விழுந்து செத்துப்போனான். கப்பல் கொம்பனி அவனை அந்த ஊரிலேயே அடக்கம் செய்துவிட்டு, புத்தகத்தில் இருந்த விலாசத்துக்குத் தந்தி அடித்தது.

தந்தி போனது அருமைநாதன் வீட்டுக்கு. அவர் அப்போது கொழும்பில் ஒளித்திருந்தார். புத்தகம் கை மாறியது அவர் தாய்க்கும் தெரியாது, றோசா வீட்டுக்கும் தெரியாது. மனிசி மண்ணில் விழுந்து புரண்டது. ஊர் திரண்டு வந்து மூன்று நாள் அழுதது. கோயிலில் துக்கமணி அடித்தார்கள். மூன்றாம் நாள் பின்னேரம் கொழும்பிலிருந்து வந்த ஒரு உறவுக்காரன், அருமை உயிரோடு இருக்கிறான், நானே கண்ணால் கண்டேன் என்றான். அந்த வீட்டில் அழுகை நின்றது. யாரோ அடுப்பில் தேத்தண்ணிக்கு வைத்தார்கள். அது கொதித்து, எல்லோரும் குடித்து முடித்த பிறகுதான், அப்படியென்றால் செத்தது யார் என்ற யோசனை வந்தது. அருமையின் புத்தகத்தில் போனது றெக்ஸ் என்றான் உறவுக்காரன்.

ஒழுங்கையால் ஏழெட்டுப் பேர் றோசா வீட்டு முற்றத்துக்கு வந்து நின்றதை அவள் மறக்கவில்லை. மூன்று நாள் அழுது களைத்த முகங்கள். அவர்களிடம் மிச்சம் இருந்த கண்ணீரைத்தான் றெக்ஸுக்குக் கொடுத்தார்கள். மணி அடிக்கச் சொல்லி றோசாவின் அப்பா சவிரிமுத்து கோயிலுக்குப் போனார். இந்தச் சாவுக்குத்தான் மணி அடித்தாயிற்றே என்று கோயில் பிள்ளை சொன்னான். அப்பா திரும்பி வந்தார்.

பிறகு போர், இடப்பெயர்வு, கணவனின் சாவு, இரண்டு பிள்ளைகளோடு கனடா. றோசா மொன்றியலுக்கு வந்து இறங்கியபோது அருமைநாதன் அங்கே மூன்று வருடம் மூத்தவராக இருந்தார். விமான நிலையத்துக்கு வந்து பெட்டி தூக்கியவரும் அவர்தான். அடுத்த கிழமையே றோசா கேட்டாள்: மார்செய்க்கு ஒரு கடிதம் எழுதித் தாரும், அங்கே கிடப்பது நீர் இல்லை என்று. அகதி வழக்கு நடக்கிறது, இப்போது பேப்பரில் கை வைக்கக்கூடாது, எதுவானாலும் பிறகுதான், பேந்து பாப்பம் என்றார் அவர். நாலு வருடம் கழித்துக் கேட்டாள். குடியுரிமைக்குப் போட்டிருக்கிறன், பேந்து பாப்பம். பிறகு கேட்டபோது, இப்போது உலகமே சந்தேகத்தோடு பார்க்கிற காலம் என்றார். பேப்பர் விசயம் என்று சொன்னால் நம் சனத்தின் வாய் தானாக மூடிவிடும். பேசாலையிலிருந்து வந்து கதை தெரிந்த நாலைந்து குடும்பங்களும் மூடிக்கொண்டன. றோசாவும் மூடிக்கொண்டாள்.

2007 மாசியில் பங்கிலிருந்து கப்பல் யாத்திரை ஒன்று ஒழுங்காயிற்று. பார்சலோனாவில் ஏறி, உரோமைக்குப் போய்த் திரும்பும் வழியில் மார்செய். அருமைநாதன் படிவங்களோடு பியர்பொன்ட்ஸில் இருந்த றோசாவின் வீட்டுக்கும் வந்தார். மகள் ஜென்சி தேத்தண்ணி கொடுத்துவிட்டு அடுப்படியில் நின்றாள். மார்செயில் எவ்வளவு நேரம் கப்பல் நிற்கும் என்று றோசா கேட்டாள். காலை எட்டுக்குக் கட்டி ஐந்துக்கு எடுப்பார்கள் என்றார்.

“அப்ப நீர் என்னோட கல்லறைக்கு வரவேணும், தம்பி. பாஸ்போட்டோட. நான்தான் அருமைநாதன், உயிரோட நிக்கிறன், உதுக்குள்ள கிடக்கிறது நானில்லை எண்டு அங்க இருக்கிற கந்தோரில சொல்லவேணும். வேற ஒருத்தராலயும் அதைச் சொல்ல ஏலாது.”

அருமைநாதன் கோப்பையைப் பார்த்தார். வழக்கமான பதிலுக்கு வாயைத் திறந்தவர், அடுப்படிப் பக்கம் நின்ற ஜென்சியைக் கண்டு மூடினார். கடைசியில் படிவத்தின் மேல் கையை வைத்தார்.

“மாதா அறிய வாறன், அக்கா.”

செப்ரெம்பரில் மார்செயில் கப்பல் கட்டியபோது நல்ல வெயில், பெருங்காற்று. முப்பத்திரண்டு பேரும் இரண்டு பேருந்துகளில் மலைமேல் மாதா கோயிலுக்குப் போனார்கள். திட்டம் இதுதான்: பத்து மணிப் பூசை, பன்னிரண்டுக்குப் பூசை முடிந்த கையோடு அருமைநாதனும் றோசாவும் டாக்சியில் கல்லறைக்கு. றோசா மொன்றியலிலிருந்தே ஏழு மெழுகுதிரிகளைத் துவாயில் சுற்றிக் கொண்டுவந்திருந்தாள். பூசையில் அவள் ஒரு செபமும் சொல்லவில்லை. முன் வாங்கில் இருந்த அருமைநாதனின் பிடரியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பூசை முடிந்து படிக்கட்டில் நின்றாள். பன்னிரண்டரை ஆயிற்று. கீழே கடலும் துறைமுகமும் பளபளத்தன. ஆட்கள் படம் எடுத்தார்கள், சவர்க்காரம் வாங்கினார்கள், திரும்பி வந்தார்கள். ஒரு மணிக்கு, அருமைநாதனின் மனைவி நிலத்தைப் பார்த்தபடி வந்து சொன்னாள்: அவருக்கு வயிறு சரியில்லை, முதல் பேருந்திலேயே கப்பலுக்குப் போய்விட்டார், பாஸ்போட்டுப் பையும் அவரோடுதான் போய்விட்டது. எல்லோருடைய பாஸ்போட்டும் அந்தப் பையில்தான் இருந்தது. தொலைந்துவிடும் என்று முதல் நாளே வாங்கிவைத்திருந்தார்.

றோசா துவாயைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு டாக்சி நிற்குமிடத்துக்கு நடந்தாள்.

டாக்சிக்காரன் கொமோரோத் தீவுக்காரன். அவள் இரண்டு வசனம் பேசியதும் சிரித்தான். இந்தப் பிரெஞ்சை நான் படத்தில்தான் கேட்டிருக்கிறேன், நீங்கள் பனிக்காட்டிலிருந்தா வருகிறீர்கள் என்று கேட்டான். சமையலறையிலிருந்து என்றாள் றோசா. அவன் சிரிப்பை விட்டுவிட்டான். போகும் வழியெல்லாம் சனம். அரபியில் கூவி மீன் விற்றார்கள், ஆர்மேனியப் பெயர்ப்பலகையின் கீழ் ஒரு கிழவர் சப்பாத்துத் தைத்தார், ஆபிரிக்கப் பெண்கள் மஞ்சளும் நீலமுமாய்த் தெருவை நிறைத்தார்கள். உலகத்தில் உள்ளவர்கள் எல்லாம் இந்த ஊரில் வந்திறங்கிச் சொந்தப் பெயரோடு இருக்கிறார்கள் என்று அவளுக்குத் தோன்றியது. அவள் தம்பி ஒருவன்தான் மற்றவன் பெயரில் கிடந்தான்.

கல்லறைக் கந்தோரில் இருந்த மொட்டைத்தலை மனிதர் கெட்டவர் அல்ல. றோசா நீட்டிய கியூபெக் சுகாதார அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். படம் போட்டதாக அவளிடம் இருந்தது அது ஒன்றுதான். பிறகு பதிவேட்டைத் திறந்தார். ஓம், இருக்கிறது. பிரான்சிஸ் அருமைநாதன், மாலுமி. நிலம் முப்பது வருடத்துக்கு எடுக்கப்பட்டது, 2014இல் முடிகிறது. அதற்குப் பிறகு குடும்பத்தில் யாராவது புதுப்பிக்காவிட்டால் எலும்புகளை எடுத்துப் பொதுக்குழியில் போட்டுவிடுவார்கள்.

நான்தான் குடும்பம் என்றாள் றோசா. மொசியூ அருமைநாதனுக்கா, என்ன முறை என்று கேட்டார் அவர். ஒன்றுமில்லை என்று சொல்லவேண்டி வந்தது. பிறகு முழுக் கதையையும் சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றினார். தான் நம்புவதாகவும், ஆனால் பதிவேடு நம்பாது என்றும் சொன்னார். மாற்றவேண்டுமானால் ஒரு வழிதான் இருந்தது: அந்த ஆள் நேரில் வரவேண்டும், இல்லாவிட்டால் சட்டப் பத்திரம் எழுதுகிற நொத்தாரிசு ஒருவருக்கு முன்னால் சத்தியம் செய்து கையெழுத்து வைத்த கடிதம் அனுப்பவேண்டும்.

“செத்தவர் கையெழுத்துப் போடட்டும், மதாம். நான் மாற்றித் தருகிறேன்” என்றார்.

கல்லறை மதிலோரம் இருந்தது. ஒரு பக்கம் கிரேக்கன், மறுபக்கம் போர்த்துக்கேயன். நடுவில் வெறும் சீமெந்துப் பாளம், அதில் ஒரு கையகலத் தகடு. அருமைநாதனின் பெயர், அருமைநாதன் பிறந்த வருடம். றெக்ஸ் செத்த வருடம். அது மட்டும்தான் தம்பியுடையது. றோசா மெழுகுதிரியைக் கொளுத்தினாள், காற்று அணைத்தது. திரும்பக் கொளுத்தினாள், அணைந்தது. மூன்றாம் தரமும் அணைந்ததும் ஏழு திரிகளையும் அப்படியே சீமெந்தில் அடுக்கிவிட்டு, பாளத்தைச் சுற்றி வளர்ந்திருந்த புல்லைப் பிடுங்கத் தொடங்கினாள். தலைமயிரைப் பிடித்து இழுப்பதுபோலப் பிடுங்கினாள். நகத்துக்குள் இரத்தம் வந்தது. நித்திய இளைப்பாற்றியை அளித்தருளும் என்று தொடங்கி, யாருக்கு என்று சொல்ல வேண்டிய இடத்தில் நின்றுவிட்டாள். தகடு அவளைப் பார்த்தது. உள்ளங்கையால் அதை மூடிக்கொண்டு, “றெக்ஸ்” என்றாள். கையை எடுத்ததும் அருமைநாதன் திரும்ப வந்துவிட்டான்.

நாலரைக்குத் துறைமுகத்துக்கு வந்தபோது, கப்பலில் ஏறும் பாலத்தடியில் அருமைநாதன் நின்று ஆட்களை எண்ணிக்கொண்டிருந்தார். ஒரு கையில் பெயர்ப்பட்டியல், மறுகையில் பாதி கடித்த பிஸ்கட். அவளைக் கண்டதும் பிஸ்கட்டைப் பைக்குள் போட்டார்.

“அக்கா, உங்களைத்தான் பாத்துக்கொண்டு நிக்கிறன். வயித்துக்குள்ள ஒரே...”

“தபர்னக்” என்றாள் றோசா.

சத்தமாகச் சொல்லவில்லை. கரட் வெட்டுகிற குரலில்தான் சொன்னாள். ஆனால் அந்த முப்பத்திரண்டு பேரில் பாதிப் பேர் மொன்றியல் சமையலறைகளிலும் தொழிற்சாலைகளிலும் வேலை செய்தவர்கள். வரிசை அப்படியே உறைந்தது. றோசா அவரைத் தாண்டிப் பாலத்தில் ஏறிப் போனாள்.

அதற்குப் பிறகு கார்த்திகை வந்தது.

கார்த்திகை முதல் ஞாயிறு தமிழ்ப் பூசையில் இறந்தவர்களின் பெயரை வாசிப்பார்கள். ஒவ்வொரு குடும்பமும் தங்கள் ஆட்களின் பெயரைத் துண்டில் எழுதிக் கூடையில் போடும். குருவானவர் ஒவ்வொன்றாக வாசிக்க, அந்த வீட்டில் ஒருவர் எழுந்து போய்ப் பீடத்தடியில் திரி கொளுத்துவார். வழக்கமாகத் துண்டுகளைச் சேர்த்து ஒழுங்குபண்ணுகிறவர் அருமைநாதன். றோசா அந்த வருடம் கூடையில் போடவில்லை. திருச்சியிலிருந்து புதிதாக வந்திருந்த குருவானவரின் கையிலேயே கொடுத்தாள்.

“ஒரே ஒரு பேருதானாம்மா?” என்று கேட்டார் அவர்.

“ஒண்டுதான், ஃபாதர். பிழையில்லாமல் வாசியுங்கோ.”

பூசையில் நாற்பது பெயருக்குப் பிறகு அது வந்தது. புதியவர் என்பதால் குருவானவர் நிறுத்தி நிதானமாக வாசித்தார்: “பிரான்சிஸ் அருமைநாதன். பேசாலை. ஆயிரத்துத் தொளாயிரத்து எண்பத்துநாலில் மார்செய் துறைமுகத்தில் இறந்தவர்.”

முதல் வாங்கில் அருமைநாதன் இருந்த இடத்திலேயே பாதி எழும்பி நின்றார். அவர் மனைவியின் செபமாலை தரையில் விழுந்த சத்தம் கடைசி வாங்குவரை கேட்டது. உயிரோடு இருக்கிறவன் தன் பெயரைச் செத்தவர் பட்டியலில் கேட்பதைவிடப் பெரிய தரித்திரம் இல்லை என்று நினைக்கிற சனம் அது. எல்லாத் தலையும் ஒருமிக்கத் திரும்பியது. பின்னால் நாலாம் வரிசையிலிருந்து றோசா எழுந்து, கறுப்புச் சீலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, முதல் வாங்கை உரசியபடி நடந்துபோய்த் திரியைக் கொளுத்தினாள். இங்கே காற்று இல்லை. முதல் குச்சியிலேயே பற்றியது.

அடுத்த நாள் காலையே அருமைநாதன் பியர்பொன்ட்ஸுக்கு வந்தார். றோசா உள்ளே வரச் சொல்லவில்லை. வாசலில் நனைந்த இலைகளின் மேல் நின்றார். ஆட்கள் கேட்கத் தொடங்கிவிட்டார்கள், பேசாலைக் குடும்பங்கள் வாயைத் திறந்துவிட்டன, இவ்வளவு காலம் பங்குக்கு உழைத்ததற்கு இதுதானா மரியாதை என்று அடுக்கிக்கொண்டு போனார்.

“பெண்சாதி விடியவிடிய அழுதவ, அக்கா.”

“ஒரு நாள்தானே. உன்ரை கொம்மா மூண்டு நாள் அழுதவ. பேந்து தேத்தண்ணி குடிச்சவ.”

அருமைநாதன் நிமிர்ந்து பார்த்தார். இருபத்துமூன்று வருடமாக அவள் அவரை ‘நீர்’ என்றுதான் கூப்பிட்டிருந்தாள்.

“எனக்கெண்டு அடிச்ச மணியை நானோ அடிக்கச் சொன்னனான்?”

“இல்லை. ஆனா அவனுக்கு அடிக்கேல்லை. உன்ரை பேரில பிழைக்கப் போனவன், உன்ரை பேரிலயே செத்தும் போனான். வந்து ஒரு சொல் சொல்லடா எண்டுதானே கேட்டனான். வயித்துக்குத்து எண்டு பிஸ்கட் திண்டுகொண்டு நிண்டனி.”

அந்தக் கல்லில் தன் பெயரைப் பார்க்கத் தனக்குத் தைரியம் வரவில்லை என்றார். அது உண்மை என்று றோசாவுக்குத் தெரிந்தது. உண்மையாக இருந்ததே கூடுதலான கோபத்தைக் கொடுத்தது. அவள் தைரியத்தோடா போனாள்?

“இனிமேல் என்ரை பேரைக் குடுக்காதேங்கோ, அக்கா.”

“கல்லில என்ன பேர் இருக்கோ, அதைத்தான் துண்டில எழுதுவன். வாற வருசமும் எழுதுவன். அதுக்கு அடுத்த வருசமும் எழுதுவன். கல்லை மாத்து, துண்டு தானா மாறும்.”

பத்து நாள் கழித்து டவுன்டவுனில் ஒரு நொத்தாரிசின் கந்தோரில் இருவரும் இருந்தார்கள். றோசா பேருந்திலும் ரயிலிலும் வந்தாள், அவர் காரில் வந்தார். கடிதம் பிரெஞ்சில் எழுதப்பட வேண்டும். அருமைநாதனுக்குப் பிரெஞ்சில் தெரிந்தது ‘போன்ஜூர்’, ‘மெர்சி’ இரண்டும்தான். ஆகவே அவர் சொல்வதை றோசாவே மொழிபெயர்க்க வேண்டியதாயிற்று. நொத்தாரிசு ஒரு இளம் பெண். அந்த இடத்தில் அடக்கம் செய்யப்பட்டவர் யார் என்று கேட்டாள்.

“எங்கட ஊர்ப் பெடியன் ஒருத்தன்” என்றார் அருமைநாதன்.

றோசா மொழிபெயர்க்கவில்லை. கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தாள். நொத்தாரிசு அவளைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். சுவர் மணிக்கூடு ஓடியது.

“றெக்ஸ்” என்றார் அவர்.

“முழுப் பேர்.”

“சவிரிமுத்து றெக்ஸ்.”

அவள் சொன்னாள். நொத்தாரிசு கணினியில் தட்டினாள். பத்திரம் எப்படி றெக்ஸிடம் போனது என்று அடுத்த கேள்வி. நான் கொடுத்தேன் என்றார். ஏன் என்று கேட்டாள். அருமைநாதன் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

“எனக்குக் கடலுக்குப் போகப் பயமாயிருந்தது. அவன் பயப்பிடேல்லை.”

அதையும் றோசா கூட்டாமல் குறைக்காமல் சொன்னாள். குரல் ஒரு இடத்தில்கூட மாறவில்லை. அவர் கையெழுத்துப் போட்டார். பாஸ்போட்டைப் பார்த்து முத்திரை குத்தினார்கள். உறையை அருமைநாதன் எடுக்கப் போனார், றோசா முந்தி எடுத்துக் கைப்பைக்குள் வைத்து இழுத்துப் பூட்டினாள்.

வெளியே முதல் பனி தூறத் தொடங்கியிருந்தது. வீட்டில் இறக்கிவிடுகிறேன் என்று அவர் காரைக் காட்டினார். வேண்டாம், தபாற்கந்தோருக்குப் போகவேண்டும் என்றாள். அவர் போகாமல் காரின் திறப்பைக் கையில் உருட்டிக்கொண்டு நின்றார்.

“வாற கார்த்திகைக்கு என்ரை பேர் வராதுதானே, அக்கா?”

றோசா கம்பளித் தொப்பியைக் காதுக்குக் கீழே இழுத்துவிட்டாள். மார்செயிலிருந்து பதில் வரவேண்டும். தகடு மாறவேண்டும். மாறிய தகட்டின் படம் தபாலில் அவள் கைக்கு வரவேண்டும்.

“பேந்து பாப்பம், தம்பி” என்று சொல்லிவிட்டு, தபாற்கந்தோர்ப் பக்கம் நடந்தாள்.